சாவி வண்டியிலேயே இருக்கட்டும்

"சாவிய வண்டியிலேயே விட்டுட்டுப் போங்க."

துறைமுகக் காவலர் சாதாரணமாகத்தான் சொன்னார். பூட்டு மாப்பிள்ளை சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கதவைப் பூட்டிட்டுத்தானே?"

"பூட்டிட்டு சாவிய உள்ள வெச்சா நாங்க எப்படி வண்டிய நகர்த்தறது? உசரமான வண்டியெல்லாம் ஒரு வரிசை, குட்டையான வண்டியெல்லாம் ஒரு வரிசைன்னு மாத்தி நிறுத்தணும். எல்லாக் கதவும் தொறந்துதான் இருக்கணும். பின்கதவுல சங்கிலி சுத்தி வெச்சிருக்கீங்களே, அதையும் கழட்டிடுங்க."

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா சார்?"

காவலர் வேனை ஏற இறங்கப் பார்த்தார். "இதையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பூட்டு மாப்பிள்ளை ஒரு பேங்கில் லாக்கர் அறைப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். படி இறங்கிப் பாதி தூரம் போனபின் திரும்பி வந்து நாலாவது முறை இழுப்பார். பெண் எடுத்த வீட்டில் கல்யாணமான புதிதில் வைத்த பெயர், தலை முழுக்க நரைத்த பிறகும் போகவில்லை.

அவர் மனைவி நேர் எதிர். டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஊரில் பாதிப்பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். பார்சல் கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட வெள்ளை வேனை வாங்கி, பின்பக்கம் கட்டிலும் அடுப்பும் வைத்து, கணவரை முன்சீட்டில் உட்கார வைத்து, நாடு நாடாக ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். இந்தத் துறைமுகத்தில் சாலை முடிந்தது. வேனைக் கப்பலில் ஏற்றி அக்கரை நாட்டில் இறக்கிக்கொண்டு மேலே போகவேண்டும்.

துறைமுகம் என்றால் திருடர்கள் இருப்பார்கள் என்று பூட்டு மாப்பிள்ளை நேற்றே முடிவு கட்டிவிட்டார். மனைவி குளிக்கப் போன நேரத்தில், வேனின் பக்கவாட்டில் அவர் ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்த பச்சைக்கிளியைச் சுரண்டி எடுத்தார். ஒவ்வொரு நாட்டிலும் ஒட்டிய ஸ்டிக்கர்களைக் கிழித்தார். பத்தாததற்குச் சேற்றைக் குழைத்து நாலு பக்கமும் பூசினார்.

"என் கிளி எங்க?" என்றார் மனைவி, தலையைத் துவட்டிக்கொண்டே.

"கிளி இருந்தா வெளிநாட்டு வண்டின்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா கைய வெப்பான்."

"அதுக்காக? பாக்கச் சகிக்கல."

"அதான் வேணும். திருடனுக்கே பாவமா இருக்கணும்."

அதிலிருந்து மனைவி அவரோடு அளந்துதான் பேசினார்.

இப்போது இன்னொரு இடி. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதைக் கப்பலுக்குள் ஓட்டவேண்டுமாம். மற்றவர்கள் பயணிகள் வாசல் வழியாக நடந்து போய் மேல்தளத்தில் ஏறவேண்டுமாம். என் பெயரில் இருந்தால்தான் பத்திரம் என்று அடம்பிடித்து வண்டியைப் பதிவு செய்தவர் வேறு யாருமில்லை.

"ஏங்க, ரொம்ப சுலபம்" என்றார் மனைவி. "கிளட்ச்ச மெதுவா விடுங்க. மேட்டுல ஏறும்போது பயந்துபோய் பிரேக்க மிதிக்காதீங்க. விசில் ஊதறவர் கையப் பாத்துக்கிட்டே போங்க. அவ்வளவுதான்."

"நீ கூடவே வர முடியாதா?"

"நான் கூட உக்காந்திருந்தா இன்னும் மோசமாத்தான் ஓட்டுவீங்க."

அது உண்மை என்று அவருக்கே தெரியும். பின்கதவுச் சங்கிலியையும் பூட்டையும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். பூட்டின் சாவியை மட்டும் மனைவியிடம் கொடுத்தார்.

"ரெண்டையும் நீங்களே வெச்சுக்க வேண்டியதுதானே?"

"பூட்டும் சாவியும் ஒரே கையில இருக்கக் கூடாது. பேங்க் வழக்கம்."

மனைவி சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பாஸ்போர்ட்டில் முத்திரை போடும் கூடத்தில் சுவர் முழுக்க ஒரு பெரிய படம். விலங்கு மாட்டிய இரண்டு கைகள். கீழே கொட்டை எழுத்தில், உங்கள் வண்டிக்குள் ஆள் ஒளிந்திருந்தால் வண்டி பறிமுதல், ஓட்டுநருக்குச் சிறை என்று போட்டிருந்தது. பூட்டு மாப்பிள்ளை அதை மூன்று முறை படித்தார்.

"நமக்குத் தெரியாம ஏறி ஒளிஞ்சிருந்தா?" என்று முத்திரை குத்துகிறவரிடம் கேட்டார்.

"பிடிபடறவங்க எல்லாரும் தெரியாதுன்னுதான் சொல்றாங்க" என்றார் அவர், தலை நிமிராமல்.

"அப்ப உண்மையாவே தெரியாதவங்களுக்கு?"

"அவங்களும் உள்ளதான் இருக்காங்க."

வெளியே வந்தார். வண்டிகள் நிற்கும் மைதானம் அடியோடு மாறியிருந்தது. காலையில் பெய்த மழையில் சேறும் சகதியுமாக, லாரிகளும் வேன்களும் ஒன்றோடொன்று மூக்கை உரசிக்கொண்டு நின்றன. நல்லவேளை, போகும்போதே அவர் அடையாளம் வைத்துக்கொண்டு போயிருந்தார். மஞ்சள் டேங்கர் லாரிக்குப் பின்னால். லாரி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அதன் பின்னால் வெள்ளை வேன், சேறு அப்பிக்கொண்டு, சாவி தொங்கத் தொங்க, பாவமாக நின்றுகொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. இருக்கையில் எப்போதும் போட்டு உட்காரும் திண்டைக் காணோம். தண்ணீர் பாட்டிலைக் காணோம். உள்ளே சிகரெட் வாடை. போனை எடுத்தார்.

"வண்டிக்குள்ள யாரோ கைய வெச்சிருக்காங்க."

"வரிசை மாத்தினவங்க ஓட்டியிருப்பாங்க. சொன்னாங்களே?"

"கால் எட்டல."

"உசரமான ஆளா இருந்திருப்பான். சீட்ட முன்னால இழுத்துக்குங்க."

"சிகரெட் குடிச்சிருக்கான். என் திண்டைத் திருடிட்டான்."

"அந்தத் திண்டையெல்லாம் யாரும் திருட மாட்டாங்க. சீட்ட நகர்த்தினப்ப இடைஞ்சலா இருந்திருக்கும், பின்னாடி தூக்கிப் போட்டிருப்பான். பேசாம உக்காருங்க. காபி ஆறுது எனக்கு."

பேசாமல் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முன்சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே தகரத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து, நிதானமாக, இழுத்து இழுத்து வந்தது. அவருக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்திலேயே கேட்டு வரும் சத்தம்தான். குறட்டை.

மறுபடி போன்.

"நீ எங்க இருக்கே?"

"இப்பதானே சொன்னேன். கப்பல் மேல, காபி குடிக்கறேன்."

"அப்ப நம்ம வண்டில தூங்கறது யாரு?"

"எஞ்சின் சத்தமா இருக்கும்."

"எஞ்சின் இன்னும் போடவே இல்லம்மா."

அந்தப் பக்கம் காபி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "போய்ப் பின்கதவத் தொறந்து பாருங்க."

"கத்தியோட நின்னா?"

"குறட்டை விடறவன் கத்திய எப்படிங்க பிடிச்சுக்கிட்டிருப்பான்? சரி, அங்க இருக்கற காவலர்கிட்டயாவது சொல்லுங்க."

"சொன்னா எனக்கு விலங்கு. படமே போட்டு வெச்சிருக்காங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஒளிந்து நாடு விட்டு நாடு ஓடுகிறவன் என்றால் எதற்கும் துணிந்தவனாகத்தான் இருப்பான். விழித்தால் வெளியே வருவான். வந்தால் முதலில் தன் கழுத்தைத்தான் பிடிப்பான். பூட்டு மாப்பிள்ளைக்குப் பயம் வந்தால் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். பையை எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனார். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே சங்கிலியை விட்டுச் சுற்றினார். பூட்டை அழுத்தினார். அப்பாடா என்று இருந்தது. பழக்கதோஷத்தில் மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

குறட்டை நின்றுவிட்டது.

ஓடிவந்து முன்சீட்டில் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே யாரோ எழுந்தார்கள். கதவைத் தள்ளினார்கள். சங்கிலி கலகலத்தது. மறுபடி தள்ளினார்கள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே ஆள். வெளியே பூட்டு. ஆள் தானாக ஏறிக்கொண்டான் என்று இதுவரை சொல்லிப் பார்க்கவாவது வழி இருந்தது. இனி அதுவும் இல்லை. தானாக ஏறினவன் தன்னைத்தானே வெளியிலிருந்து பூட்டிக்கொள்ள முடியாது. பூட்டைத் திறந்துவிடலாம் என்றால் சாவி கப்பலின் மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறது. சங்கிலியின் மேல் அவருடைய விரல் ரேகை வேறு.

தடுப்பில் வாயை வைத்து, வராத குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "உள்ள இருக்கேன்னு தெரியும். சத்தம் போட்டே, அவ்வளவுதான்."

சத்தம் வரவில்லை. யாரோ எச்சில் விழுங்குவது மட்டும் கேட்டது. அட, பயப்படுகிறான். இவரைப் பார்த்து, அதாவது பார்க்காமலே, ஒருவன் பயப்படுவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் பயமுறுத்தினால் கூரையைப் பிய்த்துக்கொண்டாவது ஓடிவிடுவான் என்று தோன்றியது. ஓடிவிட்டால் ஆளும் இல்லை, வழக்கும் இல்லை. போனை எடுத்து உரக்கப் பேச ஆரம்பித்தார்.

"ஆமா பாஸ். உள்ளதான் இருக்கு சரக்கு. பூட்டியாச்சு."

"யாருங்க பாஸ்?" என்றார் மனைவி.

"நீங்கதான் பாஸ்."

"அது தெரிஞ்சதுதான். என்ன சரக்கு?"

"நம்ம பசங்க பத்துப் பேரும் கப்பல்லதான் இருக்காங்க பாஸ். நடுக்கடல்ல தள்ளிடலாம். யாருக்கும் தெரியாது."

"யாரைத் தள்ளப் போறீங்க? ஏங்க, வெயில்ல நிக்கறீங்களா? தண்ணி குடிச்சீங்களா?"

"சரி பாஸ். நீங்க சொல்ற மாதிரியே முடிச்சுடறேன் பாஸ்."

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. யாரும் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடவில்லை. அதற்குள் விசில் ஊதியது. மஞ்சள் லாரி நகர்ந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தான். பூட்டு மாப்பிள்ளை சாவியைத் திருகினார். சரிவுப் பாலத்தில் பாதி ஏறியதும் மனைவி எதைச் செய்யாதே என்று சொன்னாரோ அதைத்தான் செய்தார். பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. பின்பக்கம் தடுப்பில் ஏதோ கனமாக வந்து மோதியது.

"அம்மா" என்றது அது.

இரும்புக் கதவுக்குள் நுழைந்ததும் உலகமே இருட்டினாற்போல் இருந்தது. கப்பலின் அடித்தளம். எங்கு பார்த்தாலும் வண்டிகள், எண்ணெய் நாற்றம், சங்கிலிகள் இழுபடும் சத்தம். விசில்காரர் கையைக் காட்டிக் காட்டி அவரை ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு வண்டியைச் சுற்றி நடந்து வந்தார்.

"உள்ள யாரும் இல்லியே?"

"யாரும் இல்ல."

உள்ளே யாரோ தும்மினார்கள். வாயைப் பொத்திக்கொண்டு தும்மிய தும்மல்.

"யாரு தும்மினது?"

"நான்தான்."

"உங்க வாயே அசையலியே?"

"எங்க குடும்பத்துல எல்லாருமே அப்படித்தான் தும்முவோம்."

விசில்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பின்கதவைப் பார்த்தார். "சங்கிலி எதுக்கு? கழட்டச் சொல்லியிருப்பாங்களே."

"சாவி மனைவிகிட்ட இருக்கு. மேல."

"போய் வாங்கிட்டு வாங்க. கதவத் தொறந்து பாக்காம என்னால விட முடியாது. அதுக்குள்ள நான் மத்த வண்டிங்களக் கட்டிட்டு வந்துடறேன்."

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பூட்டு மாப்பிள்ளை முன்சீட்டில் ஏறித் தடுப்பில் வாயை வைத்தார். மிரட்டிப் பார்த்தாகிவிட்டது. இனி கெஞ்சுவதுதான் பாக்கி.

"தம்பி, பசிக்குதா?"

உள்ளே யாரோ மூலைக்கு நகர்ந்தார்கள்.

"பயப்படாத. நான் கெட்டவன் இல்ல. என் நேரம், இப்படி ஆயிடுச்சு. நீ சத்தம் போடாம இருந்தா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். அக்கரை போனதும் ஆள் இல்லாத இடமாப் பாத்து விட்டுடறேன். போலீஸ் கீலீஸ்னு போனா ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. சரியா?"

உள்ளே ஒரு விசும்பல். பெரிய ஆள்தான், ஆனால் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான். பூட்டு மாப்பிள்ளைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"அழாதப்பா. வீட்டுல யார் யாரெல்லாம் இருக்காங்க?"

கேட்ட கேள்வி அக்கறையில் கேட்டதுதான். ஆனால் அதைக் கேட்டதும் விசும்பல் சட்டென்று அறுந்துபோனது. அவர் காத்திருந்தார். தடுப்பில் தட்டினார்.

"தம்பி?"

ஒன்றுமில்லை. பலமாகத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அப்போது அவருக்கு நேற்றைய ஞாபகம் வந்தது. பின்பக்கத்துக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் இருந்த ஒரே காற்றுத் துவாரத்தையும், திருடன் கையை விட்டுவிடுவான் என்று, அவரேதான் அட்டையை வைத்து ஒட்டினார். இந்த வெக்கையில், இந்தப் புகையில், காற்றே இல்லாத தகரப் பெட்டிக்குள் ஒரு மனிதன்.

பூட்டு மாப்பிள்ளைக்குப் பயம் புதிதில்லை. காலையிலிருந்து பயந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் அது தன் கைக்கு விலங்கு வருமே என்ற பயம். இது வேறு. உள்ளே இருப்பவன் திருடனோ கொலைகாரனோ, அம்மா என்று கத்தினான். பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். தான் பயந்த பயத்துக்கு அவன் சாவதா? ஜெயிலுக்குப் போனால் மனைவி வந்து பார்ப்பார், திட்டிக்கொண்டே சாப்பாடு கொடுப்பார். ஒரு உயிர் போய்விட்டால் எந்தக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குவது?

பை அதிர்ந்தது. போன். மனைவி விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவரிடம் என்னவென்று சொல்ல? போனை அணைத்துவிட்டு, வண்டிகளின் இடுக்கில் புகுந்து புகுந்து விசில்காரரிடம் ஓடினார். ஓடி வந்த வேகத்தில் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"மாட்டுங்க."

"என்னத்த?"

"விலங்க. என் வண்டிக்குள்ள ஒரு ஆள் இருக்கான். நான்தான் பூட்டினேன். நான்தான் மிரட்டினேன். தும்மினதும் அவன்தான். இப்ப மூச்சுப் பேச்சில்ல. என்னை என்ன வேணா பண்ணுங்க, முதல்ல அவனைக் காப்பாத்துங்க."

விசில்காரர் விசிலை ஊதவில்லை. அது வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. அடுத்த நிமிடம் தளத்தில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் வேனின் பின்னால் கூடிவிட்டார்கள். ஒருவர் கடப்பாரை கொண்டுவந்தார். இரண்டு பேர் இரும்பு வெட்டும் பெரிய கத்திரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூட்டு மாப்பிள்ளை எண்ணெய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாய் தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்தது.

சங்கிலி அறுந்து விழுந்தது. கதவு கிரீச்சிட்டது.

"உயிரோடதான் இருக்கான்" என்றது ஒரு குரல்.

பூட்டு மாப்பிள்ளை அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. ஜெயிலாவது மண்ணாவது. உயிரோடு இருக்கிறான், அது போதும். அழுது முடித்து மெதுவாக ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

நல்ல உயரமான ஆள். பனியனும் லுங்கியும். நெற்றியில் புதிதாக ஒரு புடைப்பு. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வேன் வாசலில் முழங்காலில் நின்றான். கடப்பாரையைப் பார்த்தான். கத்திரியைப் பார்த்தான். சுற்றி நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"யாருய்யா நீ? இந்த வண்டிக்குள்ள உனக்கு என்ன வேலை?" என்றார் விசில்காரர்.

அவன் விசில்காரர் பக்கமே திரும்பவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த பூட்டு மாப்பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அண்ணே, என் வண்டிய நீங்களே வெச்சுக்குங்க, என்னை மட்டும் இங்கயே இறக்கி விட்டுடுங்க."